லினக்ஸில் ஹைபர்னேட்: கேர்னலில் குறையில்லை, வயர்லெஸ் கார்டில்தான் கோளாறு

என் லப்டொப்பில் பற்றரி மாற்றிய பிறகு ஹைபர்னேட்டை (ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுப் பவரை முற்றாக நிறுத்தும் முறை) நம்பிப் பாவிக்கலாமா, அதே மொடலைத் தானும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 16 ஜிபி ரேம், என்விஎம்இ டிஸ்க், லினக்ஸ்.

நல்லதை முதலில் சொல்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் தன் வேலையை அருமையாகச் செய்கிறது. ஓடும் புரோகிராம்களை உறைய வைக்கிறது. ஏதாவது ஒன்று 20 செக்கனுக்குள் அடங்காவிட்டால் முயற்சியைக் கைவிட்டுத் திரையைத் திருப்பித் தந்துவிடும். பிறகு டிவைஸ்களை நிறுத்தி, ரேமைப் பிரதியெடுத்து, டிவைஸ்களை மறுபடி எழுப்பி, அந்தப் பிரதியைச் சுருக்கி ஸ்வொப்பில் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) எழுதிய பின்தான் பவரை விடுகிறது. இதில் ஒரு எழுத்து வேலையும் தொலைந்ததில்லை.

பிரதியை ரேமின் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கவே கேர்னல் பார்க்கும். ஆனாலும் அது உத்தரவாதம் இல்லை, ஸ்வொப்பை 16 ஜிபியாகவே வையுங்கள். ஸ்வொப் தனிப் பார்ட்டிஷனாக இல்லாமல் கோப்பாக இருந்தால், கேர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் பார்ட்டிஷனோடு ஓஃப்செட்டும் (அந்தக் கோப்பு தொடங்கும் இடத்தின் எண்) வேண்டும். கோப்பை அழித்துத் திரும்ப உருவாக்கினால் அந்த எண் மாறும். திருத்தாவிட்டால் பழைய பிரதி கண்ணில் படாமல் மெஷின் புதிதாகப் பூட் ஆகிவிடும். செக்கியூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கேர்னல் ஹைபர்னேட்டையே மறுக்கும்.

சாதாரண ஸ்லீப் போதாதா என்றால், கொழும்பில் போதாது. புதிய லப்டொப்கள் பலவற்றில் ரேமுக்கு மட்டும் பவர் கொடுத்து மற்றதை நிறுத்தும் பழைய எஸ்3 ஸ்லீப் இல்லை. இருப்பது சிபியுவைச் சும்மா வைத்திருக்கும் முறைதான். ஒரு டிவைஸ் ஆழ்ந்த நிலைக்குப் போக மறுத்தாலே பற்றரி கரையும். காலி வீதி நெரிசலில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் பையைத் திறந்தால் உள்ளே மெஷின் கொதிக்கும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன ஊர் இது. பவர் முற்றாக நின்றாலும் வேலை தப்ப வேண்டும்.

இனி எரிச்சல். ஹைபர்னேட்டிலிருந்து எழும்பினால் வயர்லெஸ் கார்ட் எழும்பாது. நெட்வேர்க் பட்டியல் காலி, கேர்னல் லொக்கில் -110 என்ற டைம்அவுட் வரி. காரணம் தெளிவு. பவர் போனதும் கார்டுக்குள் ஏற்றியிருந்த ஃபேர்ம்வெயார் (கார்டை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அழிந்துவிடும். பிரதியிலிருந்து திரும்பிய டிரைவரோ (கேர்னலில் கார்டைக் கையாளும் பகுதி) கார்ட் பழைய நிலையிலேயே இருப்பதாக நினைத்துக் கட்டளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். ஃபேர்ம்வெயாரைத் திரும்ப ஏற்றுவது டிரைவரின் கடமை. அதை எழுதியவர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

வழி ஒன்று உண்டு. சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளை நடத்தும் மென்பொருள்) ஸ்லீப் அடைவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, ஹைபர்னேட்டுக்கு முன்னால் டிரைவர் மொடியூலைக் கழற்றி, எழும்பிய பின்னால் திரும்ப ஏற்றுங்கள். ஓடும் அனுமதி கொடுக்காவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடாது. முதலில் ஸ்லீப், பிறகு ஹைபர்னேட் என்ற முறையில் ஸ்கிரிப்டுக்கு இரண்டாவது ஆர்கியுமென்டாக (கூடவே அனுப்பப்படும் சொல்லாக) வருவது வெறும் 'ஹைபர்னேட்' அல்ல, அந்தக் கூட்டுப் பெயர் முழுவதும். இதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் தேவையான நேரத்தில் சும்மா இருக்கும்.

கடையில் சோதிப்பவர்கள் கேர்னலின் 'டிவைசஸ்' சோதனையை மட்டும் நம்பக்கூடாது. அது டிவைஸ்களை நிறுத்தி, 5 செக்கன் பொறுத்து எழுப்பும், பவரை வெட்டாது. ஃபேர்ம்வெயார் அழியாததால் இந்தக் கார்டும் அதில் பாஸாகிவிடும். சார்ஜரைக் கழற்றி, உண்மையாகவே ஹைபர்னேட் செய்து, சில நிமிடம் விட்டு எழுப்பிப் பாருங்கள்.

புதுப் பற்றரி நன்றாக நிற்கிறது, கேர்னலில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: இந்த மொடலை வாங்க வேண்டாம். இதில் வயர்லெஸ் போர்டோடு சொல்டர் செய்யப்பட்டிருக்கிறது, கழற்றி வேறு கார்ட் போட முடியாது. பின்மூடியைக் கழற்றினால் கார்ட் எம்.2 ஸ்லொட்டில் (சிறு கார்டுகளைச் செருகும் இடம்) தனியாக நிற்கும் மெஷினாகத் தேடுங்கள்.