குறைமாதக் குழந்தைக்குச் சூடு: துணியா, வெந்நீரா, நெஞ்சா?

என் மகன் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,900 கிராம். 2,500-க்குக் கீழே இருந்தாலே எடை குறைவு என்றுதான் கணக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: துணியில் நன்றாகச் சுற்று, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வை. நர்ஸ் சொல்லி அனுப்பியது கங்காரு முறை, அதாவது பிள்ளையை வெறும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வது. கடைசியில் அதில்தான் நின்றோம்.

நிறைமாதக் குழந்தைக்குத் துணி சரி. ஆனால் துணி, இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, தானாகச் சூடு தராது. குறைமாத உடம்பில் கொழுப்பு கம்மி, உண்டாகும் சூடும் கம்மி. மூன்று சுற்று சுற்றியும் இவன் பாதம் ஜில்லென்றுதான் இருந்தது. வெந்நீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய தோல் சட்டென்று வெந்துவிடும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது இராத்திரிதான். பாட்டில் ஆறிவிடும், துணி நனைந்துவிடும், அவிழ்த்து மாற்றுவதற்குள் பிள்ளை குளிர்ந்துவிடும். நெஞ்சு ஆறாது. தொப்பி, காலுறை, இடுப்புத்துணி மட்டும் போட்டு, வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, மூச்சு தடைபடாமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணியால் கட்டிக்கொள்வாள் என் மனைவி. பாலும் அங்கேயே. மூச்சில் சின்ன மாற்றம் வந்தாலும் அவளுக்கு முதலில் தெரியும்.

சிரமம் நேரம்தான். ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் ஒருத்தியால் ஆகாது. மதியத்தில் நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொள்வேன், அப்புறம் பாட்டி. (முதல் நாள் நான் அசையவே பயந்தேன்.)

1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில், குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டியான இன்குபேட்டர் பற்றாமல் தொடங்கிய முறை என்பதால், இல்லாத குறைக்கு ஒரு மாற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 2021-இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு இதைத் தொடங்கியபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை தேறும்வரை காத்திருந்து தொடங்கிய குழந்தைகளில் 15.7.

அவ்வளவு சின்னக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அது டாக்டர் கையில் இருக்க வேண்டியது. பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ வாங்கினாலோ, நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, நெஞ்சில் வைத்தும் உடம்பு குளிர்ந்தே இருந்தாலோ உடனே கிளம்புங்கள். போகிற வழியிலும் பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும்.