ரேம் வாங்கும் முன் பலூனை அணைத்துப் பாருங்கள்

சிம் லிம் ஸ்குவேரில் ரேம் விலையை விசாரித்துவிட்டு வந்த நண்பர், "இன்னொரு 32 ஜிபி போட்டால் என் விஎம்களும் உங்களுடையவை போல ஓடுமா அண்ணே?" என்று கேட்டார். விஎம் என்பது ஒரு கணினிக்குள் தனிக் கணினி போல இயங்கும் மெய்நிகர் இயந்திரம். எங்கள் வீவக வீட்டுச் சேமிப்பறையில் சில ஆண்டுகளாக ஓயாமல் இயங்கும் கேவிஎம் (லினக்ஸில் விஎம்களை இயக்கும் மென்பொருள்) சர்வரிலும் இருப்பது, இப்போது அவரிடம் உள்ள அதே 32 ஜிபிதான்.

நெடுங்காலம் என் பொறுமையைச் சோதித்தது பலூன் ஏற்பாடு, அதாவது விஎம்முக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் முறை. ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் இயந்திரத்தில்) நினைவகம் குறையும்போது, விஎம்முக்குள் இருக்கும் பலூன் டிரைவர் பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, பிடித்து ஹோஸ்டுக்குத் திருப்பித் தருகிறது. 8 ஜிபி ஒதுக்கிய டேட்டாபேஸ் விஎம்மில் 'ஃப்ரீ' கட்டளையை இட்டால், மொத்தமே 5 ஜிபி சொச்சம் என்று காட்டும். முதலில், வேகத்துக்காக நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புகளின் கேஷ் கரையும். பிறகு ஸ்வாப், அதாவது நினைவகத்தில் இருப்பதை வட்டுக்கு மாற்றுவது, தொடங்கும். 'விஎம்ஸ்டாட்' கட்டளை காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ஸ்வாப்புக்கு வெளியே போவது) பத்திகளில் சுழியம் நிற்க வேண்டிய இடத்தில் எண்கள் ஓடும். வட்டு மெதுவாக இருக்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அதுதான் எனக்கு ஆத்திரமூட்டுவது.

2002இல் விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் விளக்கி எழுதிய இந்த உத்தி, சும்மா கிடக்கும் விஎம்கள் பலவற்றை ஒரே இயந்திரத்தில் அடுக்குவோருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. அதை மறுப்பது நியாயமாகாது.

எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது ஹியூஜ் பேஜ், அதாவது பெரிய அளவுப் பக்கங்கள். விஎம்முக்குள் ஒரு முகவரி டிஎல்பியில் (அண்மையில் தேடிய முகவரிகளைச் செயலி வைத்திருக்கும் சிறு கேஷில்) கிடைக்காவிட்டால், எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்று காட்டும், விஎம்மின் நான்கு நிலைப் பக்க அட்டவணையின் ஒவ்வொரு படிக்கும் ஹோஸ்டின் நான்கு நிலைகளையும் கடக்க வேண்டியிருப்பதால், ஒரே தேடலுக்கு 24 முறை வரை நினைவகத்தைத் தொட நேரிடும். இருபுறமும் 4 கேபிக்குப் பதிலாக 2 எம்பி பக்கங்களை வைத்தால் அது 15 ஆகக் குறைகிறது. ஒரே டிஎல்பி பதிவு 512 மடங்கு பரப்பைத் தாங்குவதால் தேடலே அரிதாகிறது. டேட்டாபேஸின் கனமான வினவல்களில் இந்த வேறுபாட்டை நான் கண்கூடாகவே உணர்ந்தேன். ஆனால் இந்தப் பக்கங்களைப் பூட் ஆகும்போதே ஒதுக்கிவிடுவது நல்லது. நினைவகம் துண்டுபட்ட பின் கேட்டால் முழுவதும் கிடைக்காது. அப்படி ஒதுக்கியதை ஸ்வாப் செய்யவோ, கேஎஸ்எம் (ஒரே மாதிரியான பக்கங்களை ஒன்றாக்கும் வசதி) வழியாகப் பகிரவோ முடியாது.

எனவே நண்பரே, முதலில் பலூனை அணைத்துவிட்டு, விஎம்களுக்கு ஒதுக்கியதைக் கூட்டி, ஹோஸ்டுக்கென்று 4 ஜிபியாவது விட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 32 ஜிபியைத் தாண்டினால் மட்டும் கடைக்குச் செல்லுங்கள். பலூனின் நன்மைகளை இவ்வளவு எழுதிய பிறகும், என் சர்வரில் அதை மீண்டும் இயக்கப்போவதில்லை.