பெரிய பிரேக் போட்ட ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு எந்த அலாய் வீல்?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்கு ரீமேப் (சக்தியைக் கூட்ட மென்பொருளை மாற்றுவது) போட்ட கையோடு அடுத்து போய் நிற்பது முன் பிரேக்கில்தான். 355 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பர் என்று ஒரு கிட் வாங்கிவிடுகிறார்கள். அது வந்து இறங்கிய பிறகுதான் பழைய வீல் அதன்மேல் உட்காருமா என்ற கேள்வியே வருகிறது. மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று நம் ராமநாதபுரம் கரையோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதோடு உப்பும் மணலும் சேர்ந்துகொள்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ சரியாக இருக்கும் தேர்வு இங்கே சரிப்படாமல் போகலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் தினமும் ஓடும் காருக்கு 18 அங்குல ஃப்ளோ ஃபார்ம்டு வீல், முழுக்க பவுடர் கோட்டிங் போட்டது, ஸ்பேசர் (வீலுக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) இல்லாமல். மற்ற வழிகள் ஏன் இதற்குப் பின்னால் நிற்கின்றன என்பதைப் பார்ப்போம்.

காலிப்பர் வீலில் இடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, காலிப்பரின் மேல்முதுகு வீலின் உள்வளையத்தில், அதாவது பேரலில், உரசுவது. மற்றொன்று, காலிப்பரின் முகம் ஸ்போக்கின் பின்பக்கத்தில் உரசுவது. கடைக்காரர்கள் பலர் இரண்டையும் சேர்த்து "வீல் ஏறல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் பிரச்சினைக்குப் பெரிய வீல் வேண்டும், இல்லையென்றால் உட்புறம் அகலமான பேரல் வேண்டும். இரண்டாவதற்கு ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) ஸ்போக்கின் வளைவும்தான் பதில்.

இருக்கிற 17 அங்குல வீலையே வைத்துக்கொண்டு 10 மி.மீ. ஸ்பேசர் போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. செலவு குறைவுதான். ஆனால் ஸ்பேசர் ஸ்போக்கை மட்டும்தான் காலிப்பரிலிருந்து தள்ளி வைக்கும். பேரலின் விட்டத்தை அது ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாது. 355 மி.மீ. கிட்டில் இடிப்பது பெரும்பாலும் பேரல்தான் என்பதால், ஸ்பேசருக்குப் போட்ட பணம் அப்படியே வீண். தவிர, 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் 10 மி.மீ. நீளமாக வேண்டும், இல்லையென்றால் மரை போதுமான அளவு பிடிக்காது. உப்புக்காற்றில் அலுமினிய ஸ்பேசர் இரும்பு ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு. சில மாதம் கழித்து கழற்றப் போனால் சுத்தியல்தான் கைகொடுக்கும். 17 அங்குலத்தில்தான் ஓட்டுவேன், டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் நம் ரோட்டுக்கு நல்லது என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. அவர்கள் 17-க்குள் அடங்கும் என்று தயாரிப்பாளரே எழுதித் தரும் சிறிய கிட்டை வாங்குவதுதான் முறை.

18-க்குப் போனால் ஆரத்தில் 12.7 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. பேரல் பிரச்சினை பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். 225/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., 225/40 ஆர்18 சுமார் 637 மி.மீ. ஸ்பீடோமீட்டரில் வித்தியாசமே தெரியாது. பக்கச்சுவர் 101 மி.மீ.யிலிருந்து 90-க்கு இறங்குவதுதான் இதில் நாம் கொடுக்கும் விலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், தொண்டி என்று போகும்போது அடையாளமில்லாத வேகத்தடையில் அது தெரியும்.

சரி, 18-ல் எது? சாதாரண வார்ப்பு வீல் விலை மலிவு, ஆனால் பேரல் தடிமனாக இருக்கும். அந்தத் தடிமன் காலிப்பருக்கான இடத்தைத்தான் தின்கிறது. ஃப்ளோ ஃபார்மிங் முறையில் வார்த்தெடுத்த வீலைச் சூடாக்கி, சுழலவிட்டு, உருளைகளால் பேரலை அழுத்தி இழுக்கிறார்கள். பேரல் மெல்லியதாகிறது, அதே சமயம் உறுதியும் கூடுகிறது. என்கெய் நிறுவனம் எம்ஏடி என்று பெயர் வைத்திருப்பது இந்த முறைக்குத்தான். அவர்களுடைய ஆர்பிஎஃப்1 வீல் பெரிய பிரேக் போடுபவர்களிடம் பேர் வாங்கியதற்கு எடை மட்டும் காரணமில்லை, ஸ்போக்குக்குப் பின்னால் இருக்கும் இடமும் ஒரு காரணம்.

ஃபோர்ஜ்டு வீல், அதாவது வார்க்காமல் அலுமினியக் கட்டியை அழுத்தி உருவாக்கிய வீல், இவை எல்லாவற்றையும்விட உறுதி. ரேஸ் (Rays) நிறுவனத்தின் டிஇ37 வீலுக்கு அந்த எண் வந்ததே 15 அங்குலத்தில் 3.7 கிலோ எடை என்பதால்தான். ஆர்டருக்குச் செய்துதரும் ஃபோர்ஜ்டு வீலில் ஒரு பெரிய வசதி உண்டு: பிரேக் கிட்டின் வரைபடத்தை அனுப்பினால் ஸ்போக்கின் பின்பக்கத்தை அதற்கேற்பக் கடைந்து தருவார்கள். 380 மி.மீ. டிஸ்க் என்று போகிறவர்களுக்கு இதுதான் வழி. ஆனால் விலை பல மடங்கு. ஒரு வீல் நெளிந்துவிட்டால் மாற்று வந்துசேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 355 மி.மீ. கிட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ஆஃப்செட்டில்தான் பலர் கணக்கே போடாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உங்கள் பழைய வீல் 7.5 ஜே அகலம் (7.5 அங்குலம்), ஈடி 51 (ஆஃப்செட் 51 மி.மீ.) என்று வைத்துக்கொள்வோம். புதியது 8 ஜே, ஈடி 45. அகலம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 6.35. ஆஃப்செட் 6 மி.மீ. குறைகிறது. ஆகவே வெளி விளிம்பு 12.35 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு 0.35 மி.மீ. மட்டும் உள்ளே போகிறது. சஸ்பென்ஷன் பக்கம் ஒன்றும் மாறவில்லை. ஃபெண்டர் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஈடி 45 என்று எழுதியிருக்கும் இரண்டு வீல்களில் ஒன்றின் ஸ்போக் வெளியே வளைந்தும், இன்னொன்றின் ஸ்போக் தட்டையாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அதற்கு ஒரே நம்பகமான சோதனை அட்டை டெம்ப்ளேட். நல்ல பிரேக் கிட் தயாரிப்பாளர்கள் காலிப்பரின் பக்கவெட்டு வடிவத்தை முழு அளவில் வெளியிடுகிறார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, வீலைக் கவிழ்த்து ஹப் உட்காரும் முகத்தில் வைத்து, துளையின் மையத்திலிருந்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ராமநாதபுரத்தில் எனக்குப் பழக்கமான டயர் கடைத் தம்பி அட்டையைக் கையில் வாங்கியதும், அதில் அச்சாகியிருக்கும் அளவுக்கோட்டை அளக்க முதலில் ஸ்கேலைத்தான் தேடுவார். "அண்ணே, பிரிண்ட் கடையில பேப்பருக்கு அடங்குற மாதிரி சுருக்கிருவாங்க. இந்தக் கோடு நூறு மில்லி இருக்கான்னு பாருங்க முதல்ல." அவர் சொல்வது முழுக்கச் சரி. 3 சதவீதம் சுருங்கினாலே 200 மி.மீ.யில் 6 மி.மீ. காணாமல் போகும். அப்புறம் அட்டையைச் சுற்றும்போது பேரலில் ஒட்டியிருக்கும் பேலன்சிங் ஈயக்கட்டிகளின் இடத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். வீல் தப்பித்தாலும் பேலன்சிங் கட்டி காலிப்பரில் இடிப்பது உண்டு.

பொதுவாக 3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும் என்பார்கள். இங்கே நான் 5 மி.மீ. கேட்பேன். கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி சாலையில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை மன்னார் வளைகுடாப் பக்கத்து மணல் தார்ச்சாலைமேல் ஏறிக் கிடக்கும். மணலோடு சிறு சிப்பித் துண்டும் சரளையும் வரும். குறுகிய இடைவெளியில் ஒரு கல் சிக்கினால் பேரலின் உட்புறம் வட்டமாகக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் பெயிண்ட் இருக்காது, உப்பு அங்கிருந்துதான் வேலையை ஆரம்பிக்கும். இதே மணலுக்காகத்தான் காலிப்பரிலும் பிஸ்டனுக்கு டஸ்ட் பூட் (தூசி புகாமல் மூடும் ரப்பர் உறை) உள்ளதையே வாங்கச் சொல்கிறேன். ரேஸ் டிராக்குக்கான காலிப்பர்களில் பல அது இல்லாமலேயே வரும்.

பாம்பன் கடல் எவ்வளவு அரிக்கும் என்பதற்கு 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்த்தாலே போதும்: துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று கட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்றில்தான் நம் வீலும் நிற்கிறது. டைமண்ட் கட் வீல் கடையில் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். அதன் முகத்தில் கடைந்த அலுமினியத்துக்கு மேல் இருப்பது மெல்லிய கிளியர் கோட் மட்டுமே. ஒரு கல் பட்டுத் தெறித்தால், அந்த இடத்திலிருந்து வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு கிளியர் கோட்டுக்கு அடியில் பரவும். பாலிஷ் செய்த ஃபோர்ஜ்டு வீலுக்கும், போல்ட் போட்டு இணைத்த மூன்று துண்டு வீலுக்கும் இங்கே இன்னும் அதிகப் பராமரிப்பு வேண்டும். முகம், பேரல், பின்பக்கம் எல்லாம் சேர்த்து பவுடர் கோட்டிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஹப் துளை ஆக்டேவியாவுக்கு 57.1 மி.மீ. பெரிய துளையுள்ள வீல் வாங்கினால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம். தினசரி ஓட்டத்துக்கு பிளாஸ்டிக் ரிங் வாங்குங்கள், அது ஹப்போடு ஒட்டாது. டிராக்கில் பிரேக்கைச் சிவக்கச் சிவக்க ஓட்டுபவர்கள் மட்டும் அலுமினிய ரிங்கை மெல்லிய கிரீஸ் பூச்சோடு போட்டு, அடிக்கடி கழற்றிப் பார்க்கட்டும். கம்பெனி போல்ட்டில் தலைக்கு அடியில் வீலில் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவம் கேட்கும். மாற்றிப் போட்டால் போல்ட் இறுகியது போலத் தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. எம்14 x 1.5 மரையில் கூம்புத் தலை போல்ட் வாங்கி, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குங்கள். ராமேஸ்வரம் போய்த் திரும்பியதும், வீல் நன்றாக ஆறியபின், அதே அளவில் மறுபடி ஒரு முறை சரிபாருங்கள்.