கிர்கெனெஸா, வார்டோவா?

நார்வேயின் வடகிழக்குக் கோடியில் இரண்டு சின்ன ஊர்கள். கிர்கெனெஸ் இரும்பால் வளர்ந்தது, வார்டோ மீனால். சாதாரண ஜனங்களின் வரலாறு எங்கே கூடுதலாகக் கிடைக்கும்?

கிர்கெனெஸ் இளைய ஊர். 1906-இல் சிட்வாராங்கர் சுரங்க நிறுவனம் தொடங்கிய பிறகுதான் அது ஊராகவே வளர்ந்தது. பக்கத்திலுள்ள பியோர்னெவாட்னில் வெட்டிய இரும்புத் தாது ரயிலில் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1944 அக்டோபரில் ஜெர்மானியப் படை எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் பின்வாங்கியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் பியோர்னெவாட்ன் சுரங்கப்பாதைக்குள் ஒண்டியிருந்தார்கள். அந்த இருட்டில் பிரசவங்களும் நடந்தன. சுரங்கம் 1996-இல் மூடி, 2009-இல் திறந்து, 2015-இல் திவாலானது. ஒரே வேலையை நம்பிய ஊருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

வார்டோ 1789-லேயே நகர அந்தஸ்து பெற்ற தீவு. அந்தக் காலத்தில் ரஷ்யப் படகுகள் கோதுமை போன்ற ரை தானிய மாவைக் கொண்டுவந்து மீனை வாங்கிப் போகும். காட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, உப்பே போடாமல் மரச்சட்டத்தில் தொங்கவிடுவார்கள், குளிர்காற்றே காயவைத்துவிடும். 1982-இல் கடலடிச் சுரங்கச்சாலை வரும்வரை போக்குவரத்துக்குப் படகுதான். அப்புறம், ஃபின்மார்க் என்ற இந்த வடகோடிப் பகுதியின் கரையோர மீன் ஆலைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள்.

சரி, எது? போர்க்கால வாழ்க்கைக்குக் கிர்கெனெஸ். ஆனால் தலைமுறை தலைமுறையான அன்றாடப் பிழைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு வார்டோவுக்கே. பெர்கன்-கிர்கெனெஸ் கடலோரக் கப்பல் வார்டோவில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். இறங்கி ஓர் இரவாவது தங்குங்கள்.