13,500 ரூபாய்க்குப் பாதிப் படம்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அந்தப் போன் கடைத் தம்பி என் எண்ணைத் தடை செய்துவிட்டான். பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை, பார்த்த படங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த வாரம் எழுதுவதற்கு இருப்பது அரைகுறையாகப் பார்த்தவைதான். அதற்கான காரணம் இலங்கை மலையகத்தில் எங்கள் டவுனில் இருக்கும் ஒரு போன் கடை. ரீலோட் போடுவார்கள், உடைந்த கண்ணாடி மாற்றுவார்கள், அதோடு இணையத்தில் படம் பார்க்கும் ஓடிடி தளங்களுக்கு வருடச் சந்தாக் கணக்கும் விற்பார்கள். நான்கு தளங்கள், பன்னிரண்டு மாதம், 13,500 ரூபாய். அதில் ஐயாயிரம் என் தங்கையுடையது. அவள் இன்னும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. அந்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 13,500 என்றால் பத்து நாள் மலையேறி இறங்க வேண்டும்.

எப்படி நம்பினேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம்பும்படி நடந்துகொண்டான், நம்பினேன். வெளியே மழை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீ வரவழைத்தான். தானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன்தான் என்றான். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தான். பிறகு என் போனிலேயே கணக்கைத் திறந்து, ‘மெய்யழகன்’ படத்தை ஓட்டிக் காட்டினான். (வெளியான பிறகு அந்தப் படத்தில் பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள். நீளம் என்று குறை சொன்னவர்களோடு எனக்கு இன்றும் கோபம். ஊரை விட்டுப் போனவன் ஓர் இரவு திரும்பி வந்தால் பேச்சு நீளாமல் என்ன செய்யும்?) நான் தயங்கியதைப் பார்த்து, “டீச்சரை ஏமாற்றிவிட்டு இந்த டவுனில் நான் நடமாட முடியுமா?” என்றான். அந்த ஒரு கேள்விதான். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

ரசீது கேட்டேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் “12 மாதம், 13,500, பெற்றேன்” என்று எழுதித் தந்தான். அந்தத் தாளில் அன்றைய ராகு காலம்கூட இருக்கிறது. கடையின் பெயர்தான் இல்லை.

முதல் வாரம் சொர்க்கம். பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ பார்த்தேன். 2022 நெருக்கடியின்போது நம் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் இந்தியத் தம்பதியின் கதை. அவர்களுடைய பொருட்கள் திருட்டுப் போனதும் பொலிஸ் பிடித்து வருவது தோட்டத்துத் தமிழ் இளைஞர்களை. படம் முடிந்தும் நெடுநேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ‘சுழல்’ வலைத்தொடரின் இரண்டாம் பாகத்தில் எட்டுப் பெண்கள் ஒரே கொலையை ஒப்புக்கொள்ளும் தொடக்கம் பிரமாதம். பிறகு இழுக்கிறார்கள். முதல் பாகத்து மலையூர்தான் எனக்கு நெருக்கம், பனிமூட்டம்கூட நம்முடையதைப் போலவே. ஐந்தாவது அத்தியாயத்தில், ஒரே நேரத்தில் அதிகமானோர் பார்க்கிறார்கள் என்று திரையில் வந்தது. அதிகமானோர் யார்? வீட்டில் நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால், பாதியில் விட்ட படங்களின் வரிசையில் நான் தொடாத குழந்தைக் கார்ட்டூன் ஒன்றும் பேய்ப்படங்கள் மூன்றும் நிற்கின்றன. ஒரே கணக்கை எத்தனை பேருக்கு விற்றானோ!

பதினோராவது நாள் இரவு அம்மாவோடு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையிலிருந்து படகில் இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போகும் குடும்பத்தின் கதை. அம்மா சினிமா பார்த்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். அன்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி எங்கள் பெரியம்மாவை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, அதே இராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர். “இவர்கள் களவாகப் போகிறார்கள், அக்காவைக் கடுதாசி கொடுத்து அனுப்பினார்கள். அழுகை ஒன்றுதான்” என்றார் அம்மா. அடுத்த நிமிடம் படம் நின்றது. கடவுச்சொல் தவறு என்று திரை சொன்னது.

அதன் பிறகு கேட்ட பதில்களைச் சொல்கிறேன். முதல் நாள், மழை டீச்சர், சிக்னல் இல்லை. இரண்டாம் நாள், புதிய கடவுச்சொல் இன்று இரவு வரும். நான்காம் நாள், கொழும்பில் இருக்கும் பெரிய ஆள் போனை எடுக்கவில்லை. ஆறாம் நாள் கடைக்கே போனேன். பிளேன்டீ இல்லை, நாற்காலியும் இல்லை. கண்ணாடி மாற்றிக்கொண்டே தலை நிமிராமல், “நீங்கள் யாருக்காவது கொடுத்திருப்பீர்கள், அதனால் பூட்டிவிட்டார்கள்” என்றான். பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையைக்கூட நான் அப்படி எடுத்தெறிந்து பேசியதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவன் விற்றது “சேவை”யாம், பொருள் இல்லையாம், திருப்பித் தரும் வழக்கமே இல்லையாம். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

பொலிஸுக்குப் போ என்கிறாள் தங்கை. ‘பாரடைஸ்’ பார்த்த கண்ணோடு அந்தப் படியேற எனக்கு மனமில்லை. அதோடு, தளத்தின் விதிக்கு மாறாகப் பங்கு போட்டு விற்ற கணக்கு அது. அவ்வளவு மலிவாகக் கிடைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், சந்தேகப்பட விருப்பமில்லை, அவ்வளவுதான். 13,500 ரூபாய்!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். பொறுமை போய்விட்டது. வருடக் கணக்கு யாரிடமும் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு மாதம், அதுவும் தளத்திடமே, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். கடை முத்திரை இல்லாத ரசீது வெறும் காகிதம். முத்திரையுள்ள ரசீது இருப்பவர்கள் நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணை அழைக்கலாம். என்னிடம் இருப்பது ராகு காலம் மட்டும்.

இன்னொன்று. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின் முடிவை யாரும் கீழே எழுதிவிடாதீர்கள். அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.