டர்போ வண்டி வெச்சிருக்கிற நீலகிரி மக்களே, 46,500 ரூபாய் போன கதை இது

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். மலையேத்தத்துக்குன்னு ஒரு கடையில புது இன்டர்கூலர் (டர்போவுல சூடான காத்தை ஆற வைக்கிற பொருள்) மாட்டி ஏமாந்துட்டேன், பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நேத்து சாயங்காலம் கடைசியா வந்த பதில்: "அண்ணா, உங்களுது மலை ஏரியா. அங்க காத்து கம்மி. எங்க பொருள்ல ஒண்ணும் குறை இல்ல." என்கிட்ட 46,500 ரூபாய் எண்ணி வாங்கினவன் சொல்ற பதில் இது.

கடை பேரு போடல. கீழ, சமவெளியில, கார் மாடிஃபிகேஷன் பண்ற கடை. ரீல்ஸ் போட்டே ஆள் பிடிக்கிற ரகம். வாசல்ல எப்பவும் ரெண்டு கார் பானட் தொறந்து நிக்கும், உள்ள நீலக் கலர் சிலிகோன் ஹோஸா தொங்கும். பாத்திருப்பீங்க.

என் வண்டி டர்போ டீசல். வீடு குன்னூர், வேலைக்காக அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும். வெயில் காலத்துல நாலு பேரோட லக்கேஜும் ஏத்திக்கிட்டு கல்லாறு தாண்டினா வண்டி சோம்பும். காரணம் புரியாத விஷயம் இல்ல. டர்போன்னா இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் திணிக்கிற விசிறி. அது அமுக்கும்போது காத்து கொதிக்கும். 30 டிகிரில உள்ள போற காத்தை ரெண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினா 120 டிகிரி பக்கம் வந்துடும். சூடான காத்து விரிஞ்சு கிடக்கும், சிலிண்டருக்குள்ள ஆக்சிஜன் கம்மியாத்தான் போகும். அதை 50 டிகிரிக்கு இறக்கிட்டா அதே இடத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு காத்து கூடுதலா அடைக்கலாம். இன்டர்கூலரோட வேலையே அதுதான். மலையேத்தத்துல செகண்ட் கியர்ல இன்ஜின் முழு பாரம் இழுக்கும், வண்டி ஓடறது என்னவோ 20, 25 வேகத்துல. முன்னாடி இருந்து காத்து அடிக்காது, இன்டர்கூலரே சூடேறி உக்காந்துடும்.

இதெல்லாம் அந்தக் கடைப் பையனும் சொன்னான். அழகா சொன்னான். எனக்கு நம்பிக்கை வந்ததே அங்கதான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, கடல்மட்டத்தோட பாத்தா அங்க காத்தழுத்தம் கால்வாசி பக்கம் குறைவு, அதனால டர்போ கூடுதலா சுத்தணும், கூடுதலா சூடாகும்னு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சான். எல்லாம் சரியான விஷயம். டீ வரவழைச்சான். "எங்க மாமாவும் அரவங்காடுதாண்ணா, உங்க வண்டி நம்ம வண்டி"ன்னான். அப்பதான் ஓட்டிட்டு வந்த ஒரு கார்கிட்ட கூட்டிட்டுப் போயி, என் கையைப் புடிச்சு இன்டர்கூலருக்கு இந்தப் பக்கத்து பைப்புல வெச்சான், சுட்டுச்சு. அந்தப் பக்கத்துல வெச்சான், வெதுவெதுன்னு இருந்துச்சு. "தொட்டுப் பாத்துட்டீங்கல்ல? மலைக்குன்னே செஞ்சதுண்ணா இது." இந்த வித்தை எந்தக் கம்பெனி இன்டர்கூலர்லயும் காட்டலாம்னு அப்புறம் எங்க மெக்கானிக் பாய் சொல்லித்தான் தெரியும்.

பெரிய இன்டர்கூலர் 32,000. அது மேல தண்ணி தூவுற ஸ்ப்ரே கிட் 9,500. "சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி இவோல்யூஷன்ல கம்பெனியே குடுத்ததுண்ணா"ன்னான், அதுவும் நிஜம்தான். ஃபிட்டிங் 5,000. மொத்தம் 46,500, ஜிபேல உடனே போயிடுச்சு. பில் வாட்ஸாப்ல வரும்னான். வந்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு.

அன்னிக்கே மேல ஏறினோம். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசியில 'டப்'புன்னு சத்தம். பின்னாடி கரும்புகை, இழுவை சுத்தமா இல்ல. ஹோஸ் கழண்டுடுச்சு. பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்க, அம்மாவை ஓரமா இறக்கி நிக்க வெச்சுட்டு கிளாம்பை முறுக்கிக்கிட்டு இருந்தேன். அமுக்கின காத்து ஓடுற ஹோஸுக்கு சாதாரண தண்ணி ஹோஸ் கிளாம்ப் போட்டிருக்கான் படுபாவி.

மறுநாள் பாய் பட்டறையில கழட்டினோம். பாய் பேசவே இல்ல, கட்டைவிரல் நகத்தால ஒரு மூலையைச் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. கீழ பழைய ஆயில் பிசுக்கு. வேற ஏதோ வண்டியோட மவுன்டிங் காதை கிரைண்டர்ல அறுத்து, ராவிவிட்ட தடம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஃபின், அதான் சூட்டை இறக்குற மெல்லிசுத் தகடு, அந்தச் சந்தெல்லாம் பெயிண்ட் அடைச்சுக் கிடக்கு, காத்து எப்படிப் போகும்? ஸ்கிராப்ல எடுத்ததுக்கு மேக்கப் போட்டு 32,000! ஸ்ப்ரே கிட் இன்னும் கேவலம். கண்ணாடிக்குத் தண்ணி அடிக்குமே, அந்த வாஷர் மோட்டரேதான், ஒரு பிளாஸ்டிக் டப்பாவோட. அது ஒழுங்கா இருந்தாலும் நம்மூருக்கு எதுக்கு? தண்ணி ஆவியானாத்தான் சூடு நல்லா இறங்கும், பனிமூட்டத்துல காத்தே நனைஞ்சு கிடக்கும்போது அது கம்மியாத்தான் நடக்கும்.

பாய் ஸ்கேனரை மாட்டி காட்டேரி மேட்டுல ஓட்டிப் பாத்தார். கம்பெனி இன்டர்கூலரோட இருந்ததை விட உள்ள போற காத்து சூடு ஜாஸ்தி. போதாததுக்கு இது ரேடியேட்டரை மறைச்சு நிக்கறதால கூலன்ட் முள்ளும் மேல ஏறுது.

ஃபோன் போட்டேன். முதல்ல, "கிளாம்ப் லூஸாயிருக்கும்ணா, டைட் பண்ணிக்கோங்க." அப்புறம், "நீங்க ஓட்டுற முறை சரியில்லண்ணா, சீக்கிரம் கியர் மாத்துறீங்க." அப்புறம், "ரேசிங் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாது." அப்புறம், "ரீமேப் பண்ணாத்தாண்ணா இது வேலை செய்யும், 12,000 ஆகும்." ரீமேப்னா இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது. சரி தம்பி, என் பழைய இன்டர்கூலரையாவது குடுன்னேன். "அதை ஸ்கிராப்ல போட்டாச்சே." நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்த என் பொருள்! அது இப்ப எவன் தலையில பெயிண்ட் பூசி ஏறியிருக்கோ. ஓனரைக் கேட்டா எப்பவும் வெளியூர். கடைசியாத்தான் அந்த மலைக் காத்துக் கதை. விக்கும்போது மலைக்குன்னே செஞ்சது, திருப்பிக் கேட்டா மலையாலதான் கெட்டுச்சு. 46,500 ரூபாய்க்கு இது பதிலா?

மலையேத்தத்துக்கு டர்போ சூட்டை எப்படிச் சமாளிக்கறதுன்னு விவரமா எழுதறேன்னு சில பேருகிட்ட சொல்லியிருந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான்: இருக்கிற இன்டர்கூலர், ரேடியேட்டர் ஃபின்ல இருக்கிற சேறு, பூச்சியை மெதுவான தண்ணியில கழுவுங்க. ஹோஸ் வெடிப்பு, ஆயில் கசிவு பாருங்க. கூலன்ட்டுக்குப் பதிலா வெறும் தண்ணி ஊத்தாதீங்க, கூலன்ட்டை விட அது சீக்கிரமே கொதிச்சுடும். மேடு ஏறி நிறுத்தினதும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, டர்போல ஆயில் கருகாது. எதையாவது மாத்தினா கழட்டின பொருளை டிக்கியில போட்டுட்டுத்தான் கடையை விட்டு நகரணும். ஜிஎஸ்டி பில் கைக்கு வராம ஜிபே பண்ணாதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915, புகார் பதிஞ்சாச்சு. கடை எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் கோர்ட்லயே கேஸ் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இடம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. திங்கட்கிழமை கேஸ் போட ஊட்டிக்குப் போறேன், ஜிபே ரசீது, அந்த எஸ்டிமேட் சீட்டு, பெயிண்ட் உரிஞ்ச அந்த அலுமினியப் பொணத்தோட.