வைரவர் கோயிலடிக்கு வந்த 1990

யாழ்ப்பாணம் கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. "வைரவர் கோயிலடி ஒழுங்கை, பூவரசு நிக்கிற படலை" என்றால் ஊரில் யாரும் கொண்டுவந்து விடுவார்கள். இதை முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு விடிய நாலரை மணிக்குப் போனில் விளங்கப்படுத்த வேண்டி வரும் என்று ரொறன்ரோவில் விமானம் ஏறும்போது நினைக்கவில்லை.

கந்தசஷ்டி நாலாம் நாள். பெரியம்மாவுக்கு எழுபத்தாறு வயது, இருபது வருடமாகச் சீனி வருத்தம். ஒரு நேரம் பாலும் பழமும் என்று விரதம் பிடித்தவர், மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். டொக்டரிடம் சொன்னீங்களா என்று முதல் நாளே கேட்டேன். "அவருக்கு ஏன் தம்பி என்ர விரதக் கதை?"

அன்று விடியப்புறம் முழிப்பு வந்து பார்த்தால், கட்டிலில் இருந்தபடி தலையணை உறையை மடித்து விரித்து, மடித்து விரித்துக்கொண்டிருக்கிறார். சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. என்னை எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீனித்தண்ணி கரைத்துக் கொடுத்தேன். அந்த நிலையிலும் விரதம் நினைவிருந்ததோ என்னவோ, வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

பெரியப்பா தெரிந்த ஓட்டோக்காரருக்கு அடித்தார், அவர் எடுக்கவில்லை. சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான், "அண்ணா, 1990க்கு அடியுங்கோவன், அம்புலன்ஸ் வரும்" என்றார்.

1990 என்றால் என் வயதுக்காரருக்கு வேறு ஞாபகம்தான் வரும். அந்த வருடம் யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு. இரவில் யாருக்கும் கடும் வருத்தம் என்றால் சைக்கிள் கரியரும், பின்னால் பிடித்துக்கொண்டு ஓட இன்னொருவரும்தான் அம்புலன்ஸ்.

அடித்தேன். முதலில் சிங்களத்தில் குரல் வந்தது. நான் தமிழில் தொடங்கியதும் தமிழுக்கு மாறியது. மூச்சு விடுகிறாரா, கூப்பிட்டால் பார்க்கிறாரா, சீனியா பிறசரா என்று வரிசையாகக் கேட்டார்கள். அப்புறம்தான் இடம். "கோயிலுக்கு முன்னுக்கு வாற ஒழுங்கையோ, கோயிலைத் தாண்டி வாறதோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது எனக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. கனடாவில் முகவரியும் அஞ்சல் குறியீடும் சொல்லிப் பழகிய வாய்.

பதினெட்டு நிமிடத்தில் வண்டி படலையடியில் நின்றது. சாரதியும், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பொடியனும். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அம்மா, ஒரு சின்னக் குத்து, சரியோ" என்று விரலில் குத்திப் பார்த்தான். சீனி 38, ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் விட்டான். பதற்றமும் இல்லை, எங்கள் மீது எரிந்து விழுதலும் இல்லை. மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பெரியம்மா, "எங்கையடா கொண்டு போறியள்?" என்று கேட்டுவிட்டார்.

இறங்கியதும் பழக்கதோசத்தில் பேர்ஸை எடுத்தேன். "இதுக்குக் காசில்லை அண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் துண்டை எழுதி முடித்தான். ஒன்ராறியோவில் உண்மையான அவசரத்துக்கே 45 டொலர் பில் வீட்டுக்கு வரும். ஆனால் ஒன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு இவர்கள் வேலை முடிந்தது. திரும்பி வர ஓட்டோதான் பிடிக்க வேண்டும்.

1990 இலக்கத்தில் வரும் இந்தச் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. வடக்குக்கு வந்தது 2018 யூலையில், யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் விழா வைத்து. பிறகு நாடு முழுவதற்குமாக வண்டிகள் 297 ஆகின. வண்டிகளும் தொடக்கச் செலவும் இந்தியாவின் நன்கொடை. இதை நான் சொன்னதும் ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்த பெரியப்பா பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். 1987 ஒக்ரோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் செத்ததை அவர் தலைமுறை மறக்காது. கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் நடந்தது, இதுவும் நடக்குது" என்றார். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. எங்கள் குடும்ப வட்சப் குழுவில் நாலு நாட்டுக்காரர் இருக்கிறோம். கோயில் தேருக்குக் காசு சேர்க்கும் வங்கிக் கணக்கு இலக்கம் வருடத்துக்கு மூன்று தடவை வரும். இந்த நாலு இலக்கத்தை ஒருவரும் ஒரு நாளும் போட்டதில்லை. அன்று இரவே போட்டேன். வீட்டில் கலண்டரிலும் பெரிதாக எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த பெரியம்மாவுக்கு ஒரே கவலை, விரதம் முறிந்ததா இல்லையா என்பதுதான். குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, தானே தீர்ப்பும் சொன்னார்: "அந்தப் பொடியன் ஊசியாலதானே ஏத்தினவன். நான் வாயால ஒண்டும் குடிக்கேல்லையே."